சில்லிட்ட கையும் சவரிமுத்துவின் காலும்

ஆளைத் தூங்கவைக்கிறவர் என்று மயக்க மருந்து டாக்டருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் சில வருஷங்கள் தர்மபுரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். முப்பது படுக்கை, ஒரு தியேட்டர், ஒரு சர்ஜன், ஒரு மயக்க மருந்து டாக்டர். அந்தக் கடைசி ஆள் நான். ஆபரேஷன் இல்லாத நாட்களில் தீராத கால்வலிக்காரர்களுக்கு முதுகில் ஊசி போடுவதும் என் பொறுப்பு. காலுக்குப் போகிற நரம்பைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் மருந்தை விட்டால் வலி அடங்கும். நெர்வ் பிளாக் என்பார்கள். ஊசி உள்ளே எங்கே போகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே போடுகிற வசதியெல்லாம் எங்களுக்கு அப்போது கிடையாது. விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து, மனசுக்குள் அளந்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு குத்த வேண்டும். எனக்கோ பிறவிப் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி.

கையில் ஊசியும் முகத்தில் சிரிப்புமாக நின்றுகொண்டு உள்ளுக்குள் வெலவெலத்துப்போகிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு காலைப் பற்றியது. அந்தக் கால் இருக்குமா போகுமா என்று நான் பட்ட பாடு எனக்கும் எங்கள் ஸ்டெல்லா சிஸ்டருக்கும்தான் தெரியும்.

கதவுவரை வந்தவர்

முதல் முதலாக என்னிடம் அனுப்பப்பட்டவர் நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி. அறுபதைத் தொட்டவர். இடுப்பில் ஆரம்பித்துக் கெண்டைக்கால்வரை சுண்டி இழுக்கிற வலி. கதவைத் திறந்தார், பெண் டாக்டரான என்னைப் பார்த்தார், கதவுக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார், திரும்பி நடந்தார். அந்த வலியோடு அவ்வளவு வேகமாக அவர் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் ஓடிப்போய்ப் பிடித்து வந்தார். எங்கள் தலைமை நர்ஸ் அவர். எதற்கும் முகம் மாறாதவர். நான் என் பயத்தை மறைத்துக்கொண்டு, “படுங்கய்யா, முதுகுல ஒரு ஊசிதான்” என்றேன். பிறகு அவர் படுத்தார், ஊசியும் போட்டுக்கொண்டார், வலி குறைந்து பஸ் ஏறியும் போனார். ஆனால் படுப்பதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அவர் சொன்னது இது: “நமக்குக் கால்ல வலிங்க தாயி, புள்ளத்தாச்சிங்க யாராச்சும் இருந்தா மொதல்ல அவங்களப் பாருங்க.”

கோவிந்தனின் பஞ்சு

ஊசியைப் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பழக்கம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. கண்ணாடி சிரிஞ்சையும் நீள ஊசியையும் கழுவிக் கழுவி, அவித்து அவித்துப் பயன்படுத்துவோம். எலும்பில் பட்டுப் பட்டு ஊசி முனை கண்ணுக்குத் தெரியாத அளவில் கொக்கி போல மடங்கிவிடும். அந்த ஊசி நரம்புப் பக்கம் போனால் கிழித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

அதைக் கண்டுபிடிக்கிற ஆள் தியேட்டர் உதவியாளர் கோவிந்தன். ஒவ்வொரு ஊசியின் முனையையும் பஞ்சில் மெதுவாக இழுப்பார். ஒரே ஒரு இழை சிக்கினாலும் சாணைக்கல்லில் தேய்ப்பார், மறுபடி பஞ்சில் இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால்தான் ஊசி அவிக்கப் போகும். இருபது வருஷமாக இதைச் செய்கிறவர். அவரிடம் போய் நான் காலையில் ஒருமுறை, ஊசி அவிந்து வந்ததும் ஒருமுறை, நோயாளி படுத்த பிறகு ஒருமுறை, “பஞ்சுல இழுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்பேன். ஒருநாள் நாலாவது தடவையும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க கேக்குற கேள்விக்குப் பயந்துக்கிட்டே இந்த ஊசியெல்லாம் தானா நேராயிருதுங்கம்மா” என்றார்.

காலைக் காணோம்

மாதம்மாள் கம்பைநல்லூரிலிருந்து வந்தவர். குனிந்து குனிந்து நிலக்கடலைச் செடி பிடுங்கி இடுப்பு போன அம்மாள். வால் எலும்புக்கு மேலே ஊசி போட்டேன். வலி போகும், கொஞ்சம் தலை சுற்றும், தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாம் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குக் கால் மரத்துப்போய்க் கட்டை போலக் கிடக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது அவ்வளவு சாதாரணம்.

அரை மணியில் வார்டிலிருந்து ஒரு கூச்சல். மாதம்மாள் தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, அது தொப்பென்று விழுவதைக் கண்டு அலறிக்கொண்டிருந்தார். மகன்கள் இருவரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு மணியில் சரியாகிவிடும் என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகம் எழுதினவர் இந்தக் காலைப் பார்த்தாரா என்ன? கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கட்டைவிரலைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து விரல் அசைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விடமாட்டேன் என்று அந்த ஸ்டூலிலேயே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் எத்தனை நாள் தாங்கியது என்பது பின்னால் வரும். மாதம்மாள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். “வலிய எடுக்கச் சொன்னா காலையே எடுத்துக்கிட்டு, இப்பத் திருப்பிக் குடுத்துட்டு நீ அழுவுறியே தாயி!”

வியாழக்கிழமை லிஸ்ட்

சவரிமுத்துவை நான் முதலில் பார்த்தபோது அவர் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். காலை ரவுண்ட்ஸ் நேரம். கட்டில் விளிம்பில் இடது காலைத் தொங்கவிட்டு, முழங்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி தலை கவிழ்ந்திருந்தார். படுத்தால் பாதம் எரியுமாம். மூன்று மாதமாக இப்படித்தான் தூக்கம். கீழே தரையில் அவர் மனைவி தெரசம்மா அந்தப் பாதத்தைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

காரிமங்கலம் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற கொஞ்சம் நிலம். மாசி, பங்குனியில் புளியமரம் குத்தகைக்கு எடுத்து ஏறி உலுக்குவார். நாற்பது வயசு. பதினைந்து வயதில் பிடித்த பீடி, நாளைக்கு இரண்டு கட்டு. அந்தப் பீடி காலுக்குப் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டது. பாதம் நீலம் பாரித்து, விடிகாலைக் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. சுண்டு விரல் நுனியில் ஆறாத புண். சர்ஜன் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற ஒரு நரம்புதான் அந்த ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. அதை ஊசியால் அடக்கினால் குழாய் விரியும், ரத்தம் இறங்கும், பாதம் சூடாகும். முதலில் சில மணி நேரமே நிற்கிற மருந்தைப் போட்டுப் பார்ப்பது, பாதம் சூடானால் நிரந்தரமான மருந்தைப் போடுவது. சூடாகவில்லை என்றால் கால் போகும்.

“காலு நிக்குமுங்களா டாக்டரம்மா?” என்று தெரசம்மா கேட்டார். மரம் ஏறிப் பிழைக்கிறவர் வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சர்ஜன் நல்ல மனிதர், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “முயற்சி பண்ணுங்க டாக்டர். ஆகலைன்னா கவலைப்படாதீங்க, வியாழக்கிழமை ஆபரேஷன் லிஸ்ட்ல ஒரு இடம் வச்சிருக்கேன்.”

சூடு வந்துவிட்டது!

அந்த ஊசி ஏறக்குறைய ஒரு சாண் நீளம். முதலில் எலும்பில் தட்ட வேண்டும். தட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் சாய்த்து, எலும்பைத் தாண்டி இரண்டு விரற்கடை உள்ளே போக வேண்டும். ஆழம் தெரிவதற்கு ஊசியில் ஒரு ரப்பர் துண்டு கோத்திருப்போம். அந்த இரண்டு விரற்கடைக்கு அப்பால் உடம்பின் பெரிய ரத்தக் குழாய் இருக்கிறது. நான் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். மூன்றாவது தடவை இழுத்தபோது ஸ்டெல்லா சிஸ்டர் தொண்டையைச் செருமினார். மருந்தை விட்டேன்.

பதினைந்து நிமிஷம் கழித்துப் பாதத்தைத் தொட்டேன். சூடு! “வந்துருச்சு!” என்று தியேட்டர் அதிரக் கத்தினேன். கதவுக்கு வெளியே தெரசம்மா சிலுவை போட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து என் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, “இப்பத் தொடுங்க” என்றார். தொட்டேன். பாதம் முன்பு இருந்தது போலவே சில்லென்று இருந்தது. பயந்தால் என் கை ஐஸாகிவிடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தக் கையால் தொட்டால் எந்தக் காலும் சூடாகத்தான் இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. ஊசி இடம் தவறிவிட்டது. வெளியே போய்த் தெரசம்மாவிடம் வராத சூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்தடி தூரத்தை நான் நடந்ததில்லை. திரும்பி வந்ததும் சிஸ்டர் சொன்னார்: “நீங்க இருக்கிற இருப்புக்கு, ஃபிரிட்ஜைத் தொட்டுட்டு அதுக்கும் காய்ச்சல்னு சொல்லுவீங்க டாக்டர்.”

இரண்டாவது தடவை

இரண்டு நாள் கழித்து மறுபடியும். இந்த முறை எங்கள் தியேட்டரில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. ஊசிக்கு முன்னால் என் கை பேசினில் இருக்க வேண்டும். ஊசிக்குப் பின்னால் பாதத்தைத் தொட்டுத் தீர்ப்புச் சொல்வது ஸ்டெல்லா சிஸ்டரின் கை. நான் பேசினில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பாத்திரம் கழுவப் போகிறேன் என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டாராம்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் புறங்காலில் ரத்தக் குழாய்கள் புடைத்து எழுந்தன. சிஸ்டர் தொட்டார், தலையசைத்தார். அவ்வளவுதான் அவர் சந்தோஷம். சவரிமுத்து குப்புறப் படுத்தபடியே குறட்டை விட ஆரம்பித்திருந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்து ஒரு தூக்கம். நான் தெரசம்மாவை உள்ளே கூப்பிட்டு, “தொட்டுப் பாருங்கம்மா. கால் இப்படிச் சூடா இருந்தாப் போதும், கால் நின்னுரும்” என்றேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததேயில்லை. தெரசம்மா தொட்டார், கையை எடுக்கவேயில்லை. “மாதாவே! இப்பத்தான் அடுப்புல இருந்து எறக்குன சட்டியாட்டம் கதகதன்னு இருக்குதுங்க!”

வறுத்த உப்பு

நிரந்தரமான மருந்து சேலத்திலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டுக்குப் போய் வாருங்கள், பீடி கூடாது, புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்குப் போட்டது வெறும் சோதனை மருந்து, சாயங்காலத்துக்குள் சூடு போய்விடும், போனால் பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம்மாள் கட்டில் பக்கத்தில் செய்த சத்தியம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வாரம் ஆகவில்லை, நாலாம் நாளே வந்துவிட்டார்கள். காரிமங்கலத்தில் அன்று சந்தை. கூடையும் கோழியும் ஏறிய பஸ்ஸில், யாரும் மிதித்துவிடாமல் தெரசம்மா அந்தக் காலைச் சுற்றி வேலி போல உட்கார்ந்து வந்திருக்கிறார். வேட்டித் துணியை அவிழ்த்தார்கள். புறங்கால் முழுக்கக் கொப்புளம், சிலது உடைந்து சதை தெரிந்தது. ஊருக்குப் போன அன்று சாயங்காலம் பாதம் சில்லிட்டிருக்கிறது. தெரசம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். ஆற ஆற மறுபடி வறுத்து, பக்கத்து வீட்டுப் பெண்களையும் முறை வைத்து உட்காரவைத்து, மூன்று நாள். அந்த உப்பு மூட்டையையும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். ரத்தம் ஓடாத காலுக்குச் சூட்டைத் தாங்குகிற சக்தி கிடையாது. சவரிமுத்து பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். கால் பிழைக்கும் என்று அவரும் நம்பியிருக்கிறார். தெரசம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்கதானுங்க சொன்னீங்க, சூடு இருந்தா காலு நின்னுரும்னு. வூட்ல ஒரு நிமிசம்கூட நான் சூடு போவ விடலீங்க.”

தப்பு யாருடையது

சர்ஜன் பார்த்துவிட்டுப் பத்து நாள் கொடுத்தார். வெந்த இடம் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டினால் வியாழக்கிழமைவரைகூடக் காத்திருக்க முடியாது, அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். விஷயம் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. புருஷன் காலை வேகவைத்தவள் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் தெரசம்மாவின் காதுபடவே பேசினார்கள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

நான் மருந்து அறைக்குள் போய், இருக்கிற பாட்டில்களை எண்ணுவது போல அரை மணி நேரம் ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பிறகு வார்டுக்கு நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தெரசம்மா மேல ஒரு தப்பும் இல்ல. சூடு சாயங்காலம் போயிரும், அதுக்கு ஒத்தடம் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது” என்றேன். டாக்டர்கள் அப்படிச் சொல்லுகிற வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் அதிகம் இல்லை. சிஸ்டர்கூட ஒரு கணம் முகம் மாறினார். தெரசம்மா திரும்பி என்னைப் பார்த்து ஓவென்று அழ, எனக்கும் அடக்க முடியவில்லை. கட்டிலில் இருந்த சவரிமுத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருமே என் காலு நல்லாருக்கணும்னுதானுங்க பாத்தீங்க. வெந்தது நானு, அழுவுறது நீங்களா?”

பினாயில் வாசம்

நிரந்தரமான மருந்து என்றால் பினால். அது தொட்ட நரம்பு எரிந்துபோகும். சரியான நரம்பாக இருந்தால் கால் பிழைக்கும். பக்கத்து நரம்பாக இருந்தால் மாதம்மாளுக்கு இரண்டு மணி நேரம் வந்தது இவருக்கு ஆயுசுக்கும் வரும். அன்று காலை கோவிந்தன் நான் கேட்காமலேயே என் கண் முன்னால் மூன்று தடவை ஊசியைப் பஞ்சில் இழுத்துக் காட்டிவிட்டு அவிக்கக் கொண்டுபோனார். என் கை பேசினில் இருந்தது. ஊசியை வைத்த பிறகு எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிவரச் சொல்லி ஒரு படம் எடுத்து, ஈரம் காயாத பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடம் சரி என்றே தோன்றியது. தோன்றியது என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் முன்னால் சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கால் மரத்துப்போகலாம், அசையாமலே போகலாம், ரத்தம் கசியலாம், தொடையில் எரியலாம், ஒன்றுமே பலிக்காமலும் போகலாம். இருபது நிமிஷம் விடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். கடைசியில் பாட்டிலைத் திறந்ததும் தியேட்டர் முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவின வாசம். குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் தூக்கி மோந்து பார்த்தார். “இத்தன சொன்னீங்க, கக்கூசு கழுவுற தண்ணியத்தான் ஏத்தப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே எழுந்து ஓடியிருப்பனுங்க.”

பேனாக் கோடு

ஊசி பலித்தது. காலும் அசைந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஸ்டெல்லா சிஸ்டரின் கை பாதம் சூடாக இருக்கிறது என்றே சொன்னது. ஆனால் வெந்த இடம் வேறு கணக்கு. கொப்புளங்கள் வற்றின, சுண்டு விரல் மட்டும் நுனியிலிருந்து கறுத்து, கறுப்பு விரலடியை நோக்கி மேலே ஏற ஆரம்பித்திருந்தது. அதன் விளிம்பில் நான் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. ஆறாம் நாள் கறுப்பு கோட்டை ஒரு நூல் தாண்டியிருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. தெரசம்மாவும் சாப்பிடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் நாள் அங்கேயே நின்றது. எட்டு, ஒன்பது, அதே இடம்.

பத்தாம் நாள் சர்ஜன் அழுத்திப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஜபமாலையும் விபூதியுமாக எழுந்து நின்றார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை லிஸ்டில் சவரிமுத்துவின் பெயர் இருந்தது. சுண்டு விரலுக்கு மட்டும். கால் நின்றுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே சர்ஜன் சொன்னார்: “இவ்வளவு சின்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு பெரிய பிரார்த்தனையை நான் பார்த்ததில்ல டாக்டர்.”

கோள் சொல்லும் கால்

இரண்டு மாதம் கழித்துக் காட்ட வந்தபோது புண் ஆறியிருந்தது. பீடியை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் தெரசம்மாவைப் பார்த்தார். தெரசம்மா தினமும் சாயங்காலம் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்ப்பாராம். இடது பாதம் ஒரு துளி சில்லென்று தோன்றினாலும், இன்றைக்கு எங்கே உட்கார்ந்து பீடி பிடித்தாய் என்று விசாரணை ஆரம்பமாகிவிடுமாம். அந்த ஊசிக்குப் பிறகு ஒரு பீடியில் கால் அவ்வளவு சீக்கிரம் சில்லிட்டுவிடாது. ஆனால் அதை நான் தெரசம்மாவிடம் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொல்லாமல் விட்டதற்கு எனக்கு வருத்தமே இல்லை. சவரிமுத்து பெருமூச்சு விட்டார். “என்னமோ காலு பொழச்சிருச்சேன்னு பாத்தா, பொழச்சதும் மொத வேலையா அவகிட்டப் போயி கோள் சொல்லுதுங்க.”

மூட்டை

புளி உலுக்குகிற காலம் முடிந்ததும் ஒருநாள் இருவரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார்கள். மரம் ஏறினீர்களா என்று கேட்டதற்குச் சவரிமுத்து இல்லீங்க என்றார், அவர் முதுகுக்குப் பின்னால் தெரசம்மா ஏறினார் என்று தலையாட்டினார். அன்று எனக்கு அடுத்த ஊசிக்கு ஆள் காத்திருந்தார், சவரிமுத்துவைப் போலவே கால் நீலம் பாரித்த ஒருவர். கோவிந்தனிடம் பஞ்சுக் கேள்வியை அதற்குள் ஐந்து தடவை கேட்டுவிட்டிருந்தேன். ஆனாலும் சவரிமுத்துவின் பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி அனுப்புவது? குனிந்து தொட்டேன். சவரிமுத்து விலுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். என் கை அப்படிச் சில்லிட்டிருந்தது.

தெரசம்மா வெளியே போனார். எதிர்த்த டீக்கடை அடுப்புவரை போய் வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு துணி மூட்டை. புளியாக இருக்கும் என்று நினைத்தேன். அருகில் வந்ததும் துணியை அடையாளம் தெரிந்தது. அன்று காலில் வைத்த அதே உப்பு மூட்டை, ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். எனக்குத் திக்கென்றது. தெரசம்மா அதை முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தார். மறுபடி கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்து விரித்து, நடுவில் வைத்து மூடினார். இதமாக இருந்தது. “காலு நின்னுருச்சுங்க, இனி இது எங்களுக்கு வேண்டாம். நீங்க கையில வச்சுக்கோங்க டாக்டரம்மா, பயத்துக்கு நல்லதுங்க.”

இந்தத் தொழிலுக்குக் கைராசி வேண்டும், நெஞ்சில் தைரியம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு பேசின் வெந்நீரும் ஒரு மூட்டை உப்பும் இருந்தால் எப்படியோ ஓடிவிடுகிறது.